கல்லூரி மைதானத்தில் சம்பளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு இனி கல்லூரியே பணம் கொடுக்கலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் அங்கே பிள்ளை வளர்க்கிற தமிழ்ப் பெற்றோர். நான் வக்கீல் இல்லை, விளையாட்டு நிருபரும் இல்லை. அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் வீரர்களுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுத்தவள். அந்த அறையில் பார்த்ததையும் அப்புறம் விடாமல் படித்துவருவதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மச்சான் மகன் கடன் வாங்கிப் படிக்கிறான். பந்து ஆடுகிற பையனுக்குப் படிப்பும் இலவசம், சாப்பாடும் இலவசம். அதற்கு மேல் சம்பளமும் வேண்டுமா? (டாலஸ் வாசகர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உங்கள் மச்சான் மகனின் கடனுக்கு அந்தப் பந்துப் பையன் காரணம் இல்லை. எல்லா வீரர்களுக்கும் படிப்பு இலவசம் என்பதும் சரியில்லை. என்.சி.ஏ.ஏ. என்கிற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆடுகிறார்கள். கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசியான மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் கிடையாது, விதியே அப்படி. முதல் டிவிஷனிலும் ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி இடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்), கூடைப்பந்து போன்ற சிலவற்றைத் தவிர மற்ற ஆட்டங்களில் பாதி, கால் என்று பிய்த்துப் பிய்த்துத்தான் கொடுத்துவந்தார்கள்.

முழு ஸ்காலர்ஷிப் வாங்கியவர்கள் கதையையும் கேளுங்கள். 1973-இலிருந்து 2012 வரை அது ஓராண்டுக்குத்தான். முழங்கால் போய்விட்டாலோ கோச்சுக்குப் பிடிக்காமல் போனாலோ அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று ஒரு விதி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறதா? ஆட்ட நாள் முழுவதையும் 3 மணி நேரம் என்று கணக்கில் எழுதுவார்கள். பஸ்ஸிலும் விமானத்திலும் போகிற நேரம் கணக்கிலேயே வராது.

என்னிடம் ஒரு பையன் வருவான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். ஃபுட்பால் அணியில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்கை இடிக்க வருகிறவர்களை முன்னால் நின்று தடுக்கிற வேலை. வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் போட்டுக் கட்டியிருக்கும். பென்சிலைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு திட்டவிலக்கம் கணக்குப் போடுவான். நான் எழுதித் தரக் கூடாது. பென்சில் மாணவன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. அவனுக்கு ஒரு காபிகூட வாங்கித் தரக் கூடாது என்பது இரண்டாவது. மழையில் நனைந்துகொண்டு நடந்தாலும் காரில் ஏற்றிக்கொள்ளக் கூடாது, அது ‘கூடுதல் சலுகை’ ஆகிவிடும், விசாரணை வரும். அதே சனிக்கிழமை அவன் ஆடுகிற அரங்கத்தில் டிக்கெட்டிலிருந்து பார்க்கிங் வரைக்கும் எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும்.

இந்த விதிப் பித்து எதுவரைக்கும் போனது தெரியுமா? வீரர்களுக்குச் சிற்றுண்டியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம். அதன்மேல் க்ரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும், கூடாது. 2014-இல் கனெக்டிகட் அணியைக் கூடைப்பந்து சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போயிருக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அதற்குக் கொஞ்ச நாளில் சாப்பாட்டு வரம்பை எடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, ஆகவே இழப்பீடு கிடையாது என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அன்றைக்கு அந்தச் சின்னக் கல்லூரிக்கு அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பை 8 ஆண்டு நீட்டிப்பதற்கு மட்டும் 880 கோடி டாலர் பேசி முடித்தவர்கள், நாங்கள் தொழில் நடத்தவில்லை என்று சொன்னால் எப்படி நம்புவது?

கேள்வி: விளம்பரத்தில் வருகிற பணம், கல்லூரி தருகிற பணம் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? எவ்வளவு கிடைக்கும்? (அட்லாண்டா வாசகி)

பதில்: இரண்டும் வேறு. ஆனால் நடைமுறையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலாவதை என்.ஐ.எல். என்பார்கள். தன் பெயரையும் முகத்தையும் வைத்து ஒரு மாணவர் சம்பாதிக்கிற உரிமை. 2021 ஜூலை 1-க்கு முன் அதற்கே தடை. ஜெரமி புளூம் என்று ஒருவர், பனிச்சறுக்கில் ஒலிம்பிக் வரை போனவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபுட்பாலும் ஆடினார். பனிச்சறுக்குக்காக விளம்பரப் பணம் வாங்கினார் என்பதற்காக 2004-இல் ஃபுட்பால் ஆடவிடாமல் தடுத்தார்கள். எட் ஓபேனன் இன்னொருவர். 1995-இல் யு.சி.எல்.ஏ. அணியோடு கோப்பை வென்றவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார்: அதே 31-ஆம் எண், அதே இடது கை ஆட்டம், பெயர் மட்டும் இல்லை. கேமை விற்றவர்களுக்குப் பணம், அவருக்கு ஒன்றும் இல்லை. 2009-இல் அவர் போட்ட வழக்கில்தான் அணையில் முதல் விரிசல் விழுந்தது.

விளம்பரத்துக்கு அனுமதி வந்ததும் பணக்கார ரசிகர்கள் கூடி ‘கலெக்டிவ்’ என்ற குழுக்களைத் தொடங்கினார்கள். ஒரு ட்வீட், ஒரு கையெழுத்து நிகழ்ச்சி, அதற்கு லட்சக்கணக்கில் டாலர். விளம்பரம் என்பது சாக்கு, உண்மையில் அது அணிக்கு ஆள் பிடிக்கிற சம்பளம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்லவில்லை.

இரண்டாவது, கல்லூரி நேரடியாகத் தருவது. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் 2020-இல் போட்ட வழக்கின் விளைவு அது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். ஓபேனன் வழக்கில் தீர்ப்புச் சொன்னவரும் இவரேதான். 2016-இலிருந்து ஆடியவர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் நிலுவைத் தொகை. 2025 ஜூலை 1 முதல் சமரசத்தில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம். இந்த வரம்பு ஆண்டுக்கு ஆண்டு கூடும். கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எவ்வளவு கிடைக்கும் என்றால், எந்த ஆட்டம் என்று முதலில் கேட்பேன். பெரிய கல்லூரிகளில் பலவும் முக்கால் பங்கை ஃபுட்பாலுக்கும், 15 சதவீதம் போல ஆண்கள் கூடைப்பந்துக்கும், 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்துக்கும் ஒதுக்குகின்றன. மிச்சமிருக்கிற 5 சதவீதத்தை மற்ற எல்லா ஆட்டங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். குவாட்டர்பேக்குக்குக் கோடிகள் வரும். படகு வலிக்கிற பெண்ணுக்கு ஒரு ஷூ வாங்குகிற காசு வந்தால் பெரிது.

கேள்வி: கோச்சுகளுக்கு மட்டும் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களே, அதை யாரும் கேட்பதில்லையா? (சிகாகோ வாசகர்)

பதில்: 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை அனுப்பிவிட்டது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். இனி வேலை செய்ய வேண்டாம் என்பதற்கான தொகை அது. பையன்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று கல்லூரிகள் நீதிமன்றங்களில் வாதாடிக்கொண்டிருந்த அதே காலம்.

கேள்வி: வருஷா வருஷம் கல்லூரி மாறுகிறார்களாமே. விசுவாசம் என்று ஒன்று வேண்டாமா? படிப்பு என்ன ஆகும்? (சான் ஹோசே வாசகர், ஓய்வுபெற்ற பேராசிரியர்)

பதில்: உங்களுடையது இரண்டு கேள்விகள், ஐயா. விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கோச் ஒருவர் சீசன் முடிவதற்குள் இன்னொரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டி வந்த பையன்களை அம்போ என்று விட்டுவிட்டுப் போவது அங்கே சர்வ சாதாரணம். 2021 வரை, ஃபுட்பாலிலோ கூடைப்பந்திலோ கல்லூரி மாறுகிற மாணவன் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். கோச் மறுநாளே வேலையில் சேரலாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 2024-இலிருந்து பாடங்களில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் உடனே மாறலாம்.

படிப்பு விஷயத்தில் உங்கள் கவலை எனக்கும் உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பட்டத்தில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தால்தான் ஆடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. பையன் கல்லூரி மாறும்போது பழைய கிரெடிட்கள் எல்லாம் புதிய இடத்தில் அதே பட்டத்துக்குச் செல்லாது. அப்புறம் என்ன? எதை எடுத்தால் சதவீதம் சரியாகுமோ அந்தப் பட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். எஞ்சினியரிங் படிக்க வந்தவன் பெயரே புரியாத ஒரு பொதுப் பட்டத்தோடு வெளியே போவான். இது பணம் வருவதற்கு முன்பே நடந்ததுதான். மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிகிற ‘போர்ட்டல்’ என்ற இணையப் பட்டியல் வந்த பிறகு இன்னும் வேகமாக நடக்கிறது. மாறவே கூடாது என்று தடுப்பது தீர்வில்லை. இரண்டாண்டு ஒப்பந்தம் போடட்டும், முறித்தால் இவ்வளவு என்று இரு தரப்புக்கும் எழுதட்டும். கோச்சுக்கு அப்படித்தானே எழுதுகிறார்கள்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. ஆறு வயதிலிருந்து நீச்சல். காலை நாலரைக்கு எழுந்து குளத்துக்கு அழைத்துப் போவது நான்தான். கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். இப்போது ஃபுட்பாலுக்கே எல்லாப் பணமும் போய்விடும், நீச்சல் அணிகளை மூடுகிறார்கள் என்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா. (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறதும்மா, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல், டைவிங் அணிகளை மூடியது. வரப்போகிற ஹவுஸ் சமரசத்தின் செலவையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவரே நீச்சல் வீரர்தான் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. அதே மாதம் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம், கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் ஆடி முடித்த கையோடு, முதல் டிவிஷனை விட்டு மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கப் போவதாக அறிவித்தது.

புதிய விதியையும் புரிந்துகொள்ளுங்கள். முன்பு ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஸ்காலர்ஷிப் என்று வரம்பு. ஆண்கள் நீச்சலுக்கு 9.9, பெண்கள் நீச்சலுக்கு 14. முப்பது பேர் அணியில் அதைக் கூறு போட்டுக் கொடுப்பார்கள். இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய்விட்டது, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்துவிட்டது. அணியில் உள்ள எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்க விதி இடம் தருகிறது, கொடுக்க மனசு வருமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாமலே ஆசைக்காக அணியில் சேர்கிற பிள்ளைகள் இருந்தார்களே, அவர்களுக்கான இடம்தான் முதலில் காணாமல் போகிறது. கடைசி நேரத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழி காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நீதிபதி வில்கன் இந்த ஒரு விஷயத்துக்காகச் சமரசத்தையே நிறுத்திவைத்தார்.

உங்கள் மகளுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டம். பெண்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பு தராத கல்லூரி அரசாங்கப் பணம் வாங்க முடியாது. நூற்றைந்து பேர் ஃபுட்பால் அணி வைத்திருக்கிற கல்லூரி, அதற்கு ஈடுகட்டவாவது பெண்கள் அணிகளை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆண்கள் நீச்சல் அணிக்கு இருக்கிற ஆபத்து பெண்கள் அணிக்கு அதே அளவு இல்லை. ஆனால் புதிய பங்குப் பணத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் சண்டை ஓயவில்லை. நிலுவைத் தொகையில் 90 சதவீதம் போல ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போவதை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். சந்தை மதிப்பு அப்படி என்பது எதிர்த்தரப்பு வாதம். சந்தை மதிப்பை யார் தீர்மானித்தார்கள் என்று நான் கேட்பேன். 2021-இல் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு ஒரு அடுக்கு டம்பெல்லை வைத்துவிட்டு அதுதான் உடற்பயிற்சிக் கூடம் என்றார்கள். ஒரு வீராங்கனை அதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மூன்றே ஆண்டுகளில், 2024-இல், கெய்ட்லின் கிளார்க் ஆடிய பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சுமார் 1.89 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தது 1.48 கோடி.

நடைமுறையில் என்ன செய்யலாம்? கோச் பேச வரும்போது நேராகக் கேளுங்கள்: உங்கள் கல்லூரி ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா, பெண்கள் நீச்சல் அணிக்கு உங்கள் ஆள் வரம்பு எவ்வளவு, அணியை மூடினால் என் மகளின் ஸ்காலர்ஷிப் பட்டம் வாங்கும் வரை தொடருமா? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் சமரசத்தில் சேரவில்லை, விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் தருவதில்லை. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள். மூன்றாம் டிவிஷனையும் ஒதுக்காதீர்கள். நாலரை மணிக்கு எழுந்த பிள்ளைக்கு நேர நிர்வாகம் தெரியும், அதை எந்த அட்மிஷன் அலுவலகமும் மதிக்கும்.

கேள்வி: இப்போது கல்லூரி விளையாட்டை ஆள்வது யார்? என்.சி.ஏ.ஏ. இருக்கிறதா, இல்லையா? (மதுரை வாசகர், சட்ட மாணவர்)

பதில்: இருக்கிறது. ஆனால் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை.

அந்தச் சங்கம் பிறந்ததே உயிர் காக்க. 1905-இல் ஃபுட்பால் மைதானங்களில் மாணவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ஆட்டத்தைத் திருத்தச் சொன்னார். 1906-இல் சங்கம் உருவானது. அப்புறம் அது டி.வி. உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தக் கல்லூரி எத்தனை ஆட்டம் காட்டலாம் என்று முடிவு செய்யத் தொடங்கியது. ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. அது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அன்றைக்கே ஃபுட்பால் பணம் சங்கத்தின் கையை விட்டுப் போய்விட்டது. கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து வைத்திருக்கிற கான்ஃபரன்ஸ்கள்தான் அதை விற்கின்றன. பெரிய கல்லூரிகளின் ஃபுட்பால் தேசிய சாம்பியன்ஷிப்கூட என்.சி.ஏ.ஏ.வினுடையது இல்லை, கான்ஃபரன்ஸ்களுடையது. 2026 முதல் 6 ஆண்டுகளுக்கு அதை 780 கோடி டாலருக்கு ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டு டி.வி. நிறுவனம் வாங்கியிருக்கிறது. டி.வி. பணத்துக்காகக் கல்லூரிகள் அணி மாறியதில் பூகோளமே தலைகீழாகிவிட்டது. பசிபிக் கரையில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024-இலிருந்து அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் இருக்கின்றன. ஃபுட்பால் ஒப்பந்தத்துக்காக வாலிபால் பெண்கள் நாட்டின் குறுக்கே பறந்து போய் ஆடிவிட்டு, மறுநாள் காலை வகுப்பில் தூங்கி வழிகிறார்கள்.

2021-இல் முன்னாள் ஃபுட்பால் வீரர் ஆல்ஸ்டனின் வழக்கு. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், என்.சி.ஏ.ஏ.வுக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்றார்கள். கேள்வியில் இருந்தது படிப்பு சம்பந்தமான சலுகைகள் மட்டும்தான். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய கருத்தில், தொழிலாளிக்குக் கூலி தராமலிருப்பதே எங்கள் சரக்கின் சிறப்பு என்று வேறெந்தத் தொழிலும் சொல்லித் தப்ப முடியாது என்ற பொருளில் போட்டு உடைத்தார். அதற்கப்புறம் எந்த விதியைப் போட்டாலும் யாராவது நீதிமன்றம் போகிறார்கள், பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள். டென்னசி, வர்ஜீனியா மாநில அரசுகளே 2024-இல் வழக்குப் போட்டு, பணம் பேசி ஆள் சேர்க்கக் கூடாது என்ற தடையை முடக்கின. வாண்டர்பில்ட் குவாட்டர்பேக் டியேகோ பவியா, ஜூனியர் காலேஜ் என்கிற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய ஆண்டுகளை, ஒருவர் இத்தனை ஆண்டுதான் ஆடலாம் என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்கி இன்னோர் ஆண்டு ஆடினார்.

இப்போது பெரிய கான்ஃபரன்ஸ்கள் சேர்ந்து காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கின்றன. 600 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு விளம்பர ஒப்பந்தத்தையும் அங்கே காட்டி, அது உண்மையான விளம்பரமா, மறைமுகச் சம்பளமா என்று முத்திரை வாங்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இருபது வயதுப் பையனின் உழைப்புக்கு நியாய விலை இவ்வளவுதான் என்று அவனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் வைத்த அலுவலகம் சொல்லப்போகிறது. இதுவும் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

நீங்கள் சட்டம் படிக்கிறவர், அதனால் விஷயத்தின் முடிச்சை உங்களிடம் சொல்லலாம். தொழில்முறை ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் சம்பள வரம்பு உண்டு. புதுமுகங்கள் எந்த அணிக்குப் போவது என்பதையே குலுக்கலும் வரிசையும் தீர்மானிக்கின்றன. அதை யாரும் ஏகபோகம் என்று உடைக்க முடிவதில்லை. ஏன்? வீரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலாளிகள் தங்களுக்குள் கூடி வரம்பு வைத்தால் கூட்டுச்சதி. எதிரில் யூனியன் இருந்தால் அதுவே ஒப்பந்தம். கல்லூரி விளையாட்டில் மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியே போடவில்லை. அந்த நாற்காலியைப் போடாத வரை எந்த விதியும் நிற்காது என்பதுதான் என் கருத்து.

போடுவது சுலபமும் இல்லை. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் வீரர்கள் யூனியன் கேட்டார்கள். அவர்கள் ஊழியர்கள்தான் என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி சொன்னார். மேலே இருந்த வாரியம் மறு ஆண்டு அதில் தலையிடவே மறுத்துவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 13-க்கு 2 என்று யூனியனுக்கு வாக்களித்தார்கள். ஆட்சி மாறினால் பாதகமான தீர்ப்பு வரும் என்று அந்த ஆண்டின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வாரியத்தின் அதிகாரமே செல்லாது. வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர் கூட்டுப்பேரம் பேசவே தடை. சின்னக் கல்லூரிகளும் நாங்கள் எப்படி முதலாளி ஆவது என்று நியாயமாகவே பயப்படுகின்றன.

அதனால் கல்லூரிகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வாசலில் நிற்கின்றன. வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுங்கள், வீரர்கள் ஊழியர்கள் இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள் என்று கேட்கிறார்கள். ஸ்கோர் ஆக்ட் என்ற மசோதா அப்படிப்பட்டதுதான். 2025 டிசம்பரில் மக்களவை வாக்கெடுப்புக்கு வரவிருந்து, ஆதரவு போதாமல் தள்ளிப்போனது. ஜனாதிபதி டிரம்ப் அந்த ஜூலையில் ஓர் ஆணை போட்டார், ஆனால் ஆணை சட்டமாகாது. எனக்குத் தோன்றுவது: பாதுகாப்பு வேண்டுமா, கொடுக்கலாம். ஆனால் வீரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோடு பேசிப் போட்ட விதிகளுக்கு மட்டும்தான் என்று அதே மசோதாவில் எழுதட்டும். ஊழியரா, மாணவரா என்ற சண்டை அப்புறம் ஆறுதலாக நடக்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது. எஃப்-1 மாணவர் விசா. அவனும் இந்தப் பணத்தை வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: முதலில் வாழ்த்துகள். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றவர். தேஜஸ்வின் சங்கர் கான்சஸ் ஸ்டேட்டில் உயரம் தாண்டி இரண்டு தடவை சாம்பியன் ஆனார். உங்கள் மகன் போவது நல்ல பாதை.

பணத்தில் மட்டும் கவனம். எஃப்-1 விசாவில் அனுமதி இல்லாமல் வேலை செய்தால் விசா நிலையே போய்விடும். அங்கே நின்று விளம்பரப் படம் எடுப்பது, கையெழுத்து நிகழ்ச்சிக்குப் போவது எல்லாம் வேலை என்று கருதப்படலாம். பர்டியூ அணியின் கனடாக்காரர் ஸாக் ஈடி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த கூடைப்பந்து வீரர். அவராலேயே மற்ற அமெரிக்க நட்சத்திரங்களைப் போலச் சம்பாதிக்க முடியவில்லை. கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே காங்கோ நாட்டவர். 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்பதால் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். கல்லூரி தருகிற பங்கைச் சில இடங்களில் ராயல்டி போலக் கருதிக் கொடுக்கிறார்கள், சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் என்றாலே தொடப் பயப்படுகிறார்கள். கோச் சொன்னார், சீனியர் சொன்னான் என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் குடியேற்ற வக்கீலிடமும்.

கேள்வி: எங்கள் அக்கா மகன் அங்கேயே பிறந்தவன், கூடைப்பந்து ஆடுகிறான். ஓர் ஒப்பந்தம் வந்திருக்கிறது. எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: எழுத்தில் வந்திருக்கிறதே, அதுவே பாதி நிம்மதி. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் யு.என்.எல்.வி. அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த நேரத்தில் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா விலகிவிட்டார். பேசிய 1 லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி முறையான ஒப்பந்தமே இல்லை என்றது எதிர்த்தரப்பு. எல்லாம் வாய்ப்பேச்சு.

நீங்கள் பார்க்க வேண்டியவை: காயம் பட்டால் பணம் நிற்குமா? கோச் மாறினால், இவன் கல்லூரி மாறினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா? இவன் முகத்தைப் பயன்படுத்துகிற உரிமை படிப்பு முடிந்ததும் முடிகிறதா, ஆயுசுக்கும் எழுதி வாங்கியிருக்கிறார்களா? ஏஜென்டுக்கு எத்தனை சதவீதம்? கடைசிக் கேள்விக்கு இருபது என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தொழில்முறை ஃபுட்பாலில் ஏஜென்டுகளுக்கு 3 சதவீதம்தான் உச்சவரம்பு, அங்கே யூனியன் இருப்பதால்.

வரியையும் மறக்க வேண்டாம். இவன் ஊழியர் இல்லை என்பதால் யாரும் வரி பிடித்துக்கொண்டு கொடுக்க மாட்டார்கள், மொத்தமும் கைக்கு வரும். சுயதொழில் வரியும் சேர்த்துக் கட்ட வேண்டியவன் இவன்தான். வருகிற ஒவ்வொரு செக்கிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை முன்வரி கட்ட வேண்டும், அடுத்த ஏப்ரல் 15 வரை காத்திருந்தால் அபராதம் வரும். கல்லூரியில் இலவசமாக வரி ஆலோசனை கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பல இடங்களில் கொடுக்கிறார்கள், பையன்கள் போவதில்லை.